இலங்கையின் கையிருப்பும் என் தம்பியின் மிளகாய்த் தோட்டமும்

"நான் நல்லாயிருக்கிறன், யோசிக்காதேங்கோ அக்கா" என்று யாழ்ப்பாணத்திலிருந்து என் தம்பி எழுதியபோது நான் ஏன் அதை நம்பவில்லை? நான்கைந்து ஆண்டுகள் கழித்து அதே வரியை அவன் மறுபடியும் எழுதியபோது ஏன் உடனே நம்பினேன்? முதல் தடவை அது உண்மை. இரண்டாம் தடவை அது பொய். படித்தவள், வங்கியில் வேலை செய்கிறவள், அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். இரண்டு தடவையும் தவறாகவே புரிந்துகொண்டேன். 

அப்பா பினாங்கில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் அம்மாவையும், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த தம்பியையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார். எனக்கு அதற்கு முந்தின ஆண்டுதான் திருமணம் ஆகியிருந்தது. என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் இங்கேயே இருந்துவிட்டேன். அவர்கள் போன இரண்டாம் ஆண்டில் அப்பா காலமானார். தம்பி வேலை தேடி அலைந்தான். அங்கே அப்போது குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டவர்கள் ஊருக்கு நூறு பேர் இருந்தார்களாம். கடைசியில் அம்மாவின் சீதனக் காணியில் மிளகாயும் வெங்காயமும் பயிரிடத் தொடங்கினான். எங்கள் குடும்பத்தில் பேனா பிடிக்காத முதல் ஆண்பிள்ளை அவன். அம்மா அதைக் கடிதத்தில் எழுதியபோது, ஏதோ நோய்ச் செய்தி போல எழுதியிருந்தார்.

எனக்கு பீச் ஸ்திரீட்டில் ஒரு வங்கியில் வேலை. செய்தித்தாள்களையும் வெளிநாட்டு அறிக்கைகளையும் வெட்டி, நாடு வாரியாகக் கோப்பில் ஒட்டவேண்டும். ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் ஓர் அட்டை இருக்கும். அந்த நாட்டின் கையில் இருக்கும் வெளிநாட்டுப் பணம், அது வெளியிலிருந்து வாங்கும் பொருள்களுக்கு எத்தனை மாதம் போதும் என்பதை அதில் பென்சிலால் எழுதி வைப்போம். புதிய செய்தி வந்தால் அழித்துவிட்டு மாற்றி எழுதுவோம். மூன்று மாதத்துக்கு இருந்தால் கவலையில்லை என்பார் என் மேலதிகாரியான சீனப் பெண்மணி. பெரிய நாடுகளின் கோப்புகள் தலையணை மாதிரி இருக்கும். இலங்கையின் கோப்பு சின்னது. வங்கிக்கு அங்கே பெரிய வியாபாரம் எதுவுமில்லை. அந்தக் கோப்பை என்னைத் தவிர வேறு யாரும் திறந்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

அட்டையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்றுக்குக் கீழே, அதற்கும் கீழே. அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். தபால் பிரிவில் இருந்த அக்கா, சுங்கை பினாங்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மேசை முன்னால் நின்று கேட்பார்.

"என்னம்மா சிலோன்காரி, எத்தனை மாசம்?"

"யாருக்கு அக்கா, எனக்கா, ஊருக்கா?"

"ரெண்டுக்கும்தான்லா. உனக்கு ஏறுது, அதுக்கு இறங்குது. எப்படியாவது ரெண்டும் சுகமா முடிஞ்சா சரி."

அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போனதும் சமையலறை நாள்காட்டியில் அந்த எண்ணைக் குறித்துவைப்பேன். "மத்தவங்க ராகுகாலம் பார்ப்பாங்க, இவ இதைப் பார்க்கிறா" என்று என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்வார்.

மகள் பிறந்தபின் பயம் அதிகமானது. ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசை, அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகத் தடை, துணிக்குப் பங்கீடு. இவற்றையெல்லாம் வெட்டி ஒட்டியது நான்தான். வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்குவதை அரசாங்கம் நிறுத்திவிட்டது என்ற செய்தியையும் நானே ஒட்டினேன். ஒட்டும்போது கண் கலங்கியது. மகளுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அம்மா சம்பல்கூட இல்லாமல் வெறும் சோறு சாப்பிடுவதாக ஒரு காட்சி வந்துவிடும். என் வீட்டிலும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் பால்மாவு இருக்கவேண்டும் என்று டின் டின்னாக வாங்கி அடுக்கினேன். மகள் பால்மாவை விட்டபிறகு நான்கு டின்கள் கட்டிதட்டிப் போய்க் கிடந்தன. கணவர் அவற்றை எண்ணவில்லை, எடுத்துக் குப்பையில் போட்டார். அதற்கே நான் அழுதேன்.

மகளுக்கு எட்டு மாதமானபோது எங்கள் தெருவிலிருந்த ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தாவும் அவர் மனைவியும் யாழ்ப்பாணம் போகக் கிளம்பினார்கள். எங்களவர்களில் ஒருவர் போகிறார் என்றால் அவருடைய பெட்டி அவருடையது இல்லை. நாலு வீட்டுச் சாமான் அதில் ஏறும். சவர்க்காரம், சவர பிளேடு, ஊசி, நூல், பால்மாவு எல்லாம் எல்லோரும் கொடுத்தனுப்புவதுதான். நான் அவற்றோடு பத்துக் கிலோ காய்ந்த மிளகாயும் ஒரு பை சின்ன வெங்காயமும் சேர்த்துக் கட்டினேன்.

அந்த ஆன்ட்டி பையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன பிள்ளை, யாழ்ப்பாணத்துக்கா மிளகாய்?"

"அங்க மிளகாயே வர்றதில்லை ஆன்ட்டி. பேப்பர்ல போட்டிருக்கான்."

"உன் தம்பி மிளகாய்தானே போட்டிருக்கான் எண்டு உன் அம்மா சொன்னவ?"

"அது கொஞ்சம்தான் இருக்கும் ஆன்ட்டி. விக்கிறதுக்கே பத்தாது."

இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. வெளியிலிருந்து மிளகாய் வராவிட்டால் உள்ளே மிளகாய் வைத்திருக்கிறவனுக்கு என்ன நடக்கும் என்பதை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எல்லா எண்களும் என் கையில் இருந்தன. அவை நாட்டைப் பற்றியவை, தம்பியைப் பற்றியவை அல்ல என்பது மட்டும் உறைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். அங்கிள் ஒரு சாக்குப்பையை எங்கள் கூடத்தில் தொப்பென்று போட்டார். உள்ளே காயவைத்த செத்தல் மிளகாய், நான் அனுப்பியதைவிட நல்ல நிறம்.

"போகும்போதும் மிளகாய், வரும்போதும் மிளகாய்!" என்றார். "ஏரோப்ளேன்ல பக்கத்தில இருந்தவன் தும்மித் தும்மியே செத்தான்லா. உன் தம்பி கேட்கச் சொன்னான், அக்கா அனுப்பினதை என்ன விலைக்கு விக்கிறது எண்டு."

தம்பி தண்ணீர் இறைப்பு மிஷின் வாங்கியிருக்கிறான், கை உழவு இயந்திரம் வாங்கியிருக்கிறான், வீட்டுக்குப் புது ஓடு போட்டிருக்கிறான், தங்கின மூன்று நாளும் எங்களுக்கு ஆட்டிறைச்சி என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். கூடவே தம்பியின் கடிதம். நாட்டில் காசு இல்லாததால்தான் தோட்டக்காரனுக்குக் காசு, மிளகாய்க்கு இப்போது பவுன் மாதிரி விலை, காசு அனுப்பாதேங்கோ, கடையில் வாங்குவதற்குச் சாமானே இல்லை, நான் நல்லாயிருக்கிறன், யோசிக்காதேங்கோ அக்கா என்று எழுதியிருந்தான்.

என் கணவர் படித்துவிட்டுக் கடிதத்தை என் மடியில் போட்டார். "இப்பவாவது நிம்மதியா தூங்கு."

நான் தூங்கவில்லை. விருந்தாளிகள் வந்ததற்காகக் கடன் வாங்கி ஆட்டிறைச்சி சமைத்திருப்பான். மிஷின் பக்கத்துத் தோட்டக்காரனுடையதாக இருக்கும். அக்கா கவலைப்படக்கூடாது என்று சிரித்துச் சிரித்து எழுதியிருப்பான். சின்ன வயதில் முழங்கால் கிழிந்து வந்தாலும் "ஒண்டுமில்லை" என்றுதானே சொல்வான்? மறுவாரம் அட்டையில் எண் இன்னும் இறங்கியிருந்தது. நான் மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்த தொகையை இரண்டு மடங்காக்கினேன். கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒன்றுக்கு முன்பணம் சேர்ப்பதாக எங்கள் திட்டம். கணவர் கோபிக்கவில்லை. "வீடு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் ஒருவேளை நிறுத்தியிருப்பேன்.

மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. தம்பி ஒவ்வொரு கடிதத்திலும் வேண்டாம் என்றான். நான் ஒவ்வொரு மாதமும் அனுப்பினேன். அவனுக்குக் கல்யாணம் நடந்தது. கைக்குழந்தையையும் வேலையையும் காரணம் சொல்லி நான் போகவில்லை. ஒரு தடவை போய் அந்தத் தோட்டத்து வரம்பில் நின்றிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும்.

பிறகு அங்கே ஆட்சி மாறியது. இறக்குமதிக் கதவு திறந்தது. வெளிநாடுகள் கடனும் உதவியும் கொடுத்தன. என் சின்னக் கோப்பு தடிக்கத் தொடங்கியது. அட்டையில் எண் ஏறியது. மூன்றைத் தாண்டிய அன்று நான் ரப்பரால் பழைய எண்ணை அழித்து, புதியதைப் பேனாவாலேயே எழுதினேன். தபால் பிரிவு அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! இனி உன் தம்பி ராஜாதான்லா. எனக்கு ஒரு தட்டு மீ கோரெங் வாங்கிக் கொடு."

வாங்கிக் கொடுத்தேன். அன்று மாலை பெரிப் படகில் அக்கரைக்குப் போய்வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கடலோரம் கொஞ்ச நேரம் நின்றேன். மகள் பிறந்தபின் முதல்தடவையாக நெஞ்சில் பாரம் இல்லை. அந்த மாதமே தம்பிக்கு அனுப்புவதை நிறுத்தினேன். நிறுத்திய பணம் செபராங் ஜெயா வீட்டுக்கு முன்பணமானது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தம்பிக்கு ஒரு கடிதமும் எழுதினேன். உன் நாட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது, இத்தனை மாதத்துக்குக் கையிருப்பு இருக்கிறது, கடைகளில் எல்லாச் சாமானும் வந்துவிட்டதாமே, இனி எனக்குக் கவலையில்லை என்று இரண்டு பக்கம். கையிருப்பு எண்ணுக்குக் கீழே கோடுகூடப் போட்டிருந்தேன்.

அவன் பதில் எழுதினான். வான்கடிதத்தில் நாலே வரி. நான் நல்லாயிருக்கிறன், யோசிக்காதேங்கோ.

நம்பினேன். அதன்பின் ஏழு மாதம் கடிதமே இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எனக்கும் அப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. புது வீட்டுக்கு மாறினோம். எதிரில் யானை வந்தாலும் கண்ணில் படாத மாதிரி ஓர் ஓட்டம்.

உண்மையை எழுதியது அம்மா. வெளிநாட்டு மிளகாய் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது, செத்தல் விலை பாதியாகி, பாதியும் பாதியாகிவிட்டது, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பலர் செடியிலேயே விட்டுவிட்டார்கள். உழவு இயந்திரம் விற்றாயிற்று. இறைப்பு மிஷின் விற்றாயிற்று. மருமகளின் தாலிக்கொடி அடகில். இவ்வளவையும் வரிசையாக எழுதிவிட்டு, போகிறபோக்கில் எழுதுவது போல ஒரு வரி எழுதியிருந்தார். நீ அனுப்பின காசைத் தம்பி செலவழிக்கவில்லை பிள்ளை, அக்காவின் காசு சும்மா கிடக்கக்கூடாது என்று சொல்லி அதைக் கொண்டுதான் பக்கத்துச் செம்பாட்டு மண் காணியைப் பத்து வருஷக் குத்தகைக்கு எடுத்து அதிலும் மிளகாய் போட்டவன்.

வேண்டாம் என்று அவன் சொன்ன பணம். நல்ல காலத்தில் நான் வலிய அனுப்பி, கெட்ட காலத்தில் நிறுத்திய பணம். அது இல்லாவிட்டால் அவனுக்கு அம்மாவின் காணி மட்டும்தான் இருந்திருக்கும். நட்டம் வந்தாலும் சின்ன நட்டமாகப் போயிருக்கும்.

நாள் குறித்து எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ட்ரங்க் கால் போட்டேன். அவர்கள் ஊர்ச் சங்கக் கடையில்தான் போன். கடலலை மாதிரி இரைச்சலுக்கு நடுவில் அவன் குரல் வந்தது. பதினேழு வயதில் இங்கிருந்து போனவன், பேச்சு முழுவதும் யாழ்ப்பாணமாகியிருந்தது.

"அக்கா! சத்தமாக் கதையுங்கோ!"

"ஏன்டா எழுதலை? ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?"

"என்னத்தை எழுதிறது? நாட்டில காசு நிறைஞ்சுபோய்க் கிடக்கெண்டு நீங்களே எழுதிப்போட்டியள். கோடும் போட்டு. அக்கா சந்தோசமா இருக்கிறா, நான் ஏன் கெடுப்பான்?"

நான் அழத் தொடங்கினேன். அவன் பதறினான்.

"அழாதேங்கோ, அழுகைக்கும் காசு ஓடுது. சொல்லுறதைக் கேளுங்கோ. நான் அரபு நாட்டுக்குப் போகப்போறன். கட்டட வேலை. கொழும்பில ஒரு ஏஜென்ட் இருக்கிறான். எங்கட ஊரில நாலு பேர் போயிட்டினம்."

"கட்டட வேலையா? உனக்கா?"

"மிளகாய்க்குக் குனிஞ்ச முதுகுதானே அக்கா, செங்கல்லுக்கும் குனியும். ஆனா ஏஜென்டுக்கு முதல்ல கட்டவேணும். அதுதான்... உங்களிட்டை நான் இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை."

இரைச்சல் கூடியது. நேரம் முடியப்போகிறது என்று நடுவில் ஒரு குரல் ஆங்கிலத்தில் சொன்னது. அவன் அவசரமாகச் சிரித்தான்.

"நான் போய் டொலர் அனுப்பினா, அதையும் உங்கட பைலில ஒட்டுவியளோ?"

அவன் கேலியாகத்தான் கேட்டான். மறுநாள் அலுவலகத்தில் கோப்பைத் திறந்து, நானே ஒட்டிய ஓர் அறிக்கையைத் திரும்பப் படித்தேன். நாட்டின் கையிருப்பு உயர்வதற்கு, வெளிநாட்டில் உழைக்கப் போகிறவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணமும் ஒரு காரணம் என்று அதில் தெளிவாக இருந்தது. ஒட்டும்போது வெறும் ஒரு வரியாகப் பட்டது. அந்த எண்ணுக்குள் யார் யாருடைய தம்பிகளோ இருந்திருக்கிறார்கள்.

இது நடந்து மூன்று வாரமாகிறது. ஏஜென்ட் கேட்கும் தொகை ஏறக்குறைய என் ஒன்பது மாதச் சம்பளம். வீட்டுக் கடன் போக, பிள்ளைகளுக்கு ஆபத்து அவசரத்துக்கென்று நான் தனியாக வைத்திருக்கும் மலேசிய வெள்ளிப் பணம் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. மகள் இப்போது முதலாம் வகுப்பு. மகனுக்கு மாதத்தில் இரண்டு தடவை மூச்சிழுப்பு வருகிறது.

"அனுப்பிடு," என்கிறார் என் கணவர். "ஆம்பளை, வாயைத் திறந்து கேட்டுட்டான். இனி இல்லேன்னு சொன்னா மறுபடி கேக்கவே மாட்டான்லா."

நேற்று அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. தம்பிக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு தபாலில் சேர்த்திருக்கிறார். "காசு அனுப்பாதை பிள்ளை. மருமகளுக்கு இது ஆறாம் மாசம். முந்திப் போன நாலு பேரில ரெண்டு பேரிட்டை இருந்து கடிதமே இல்லை. குத்தகைக் காணியில புகையிலை போட்டுப் பார்க்கலாம் எண்டு அவள் சொல்லுறாள். நீ காசு தராட்டில் அவன் போகான்."

தபால் பிரிவு அக்காவிடம் சொல்லி யோசனை கேட்டேன். இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை. "கணக்கெல்லாம் எழுதுற நீயே என்னைக் கேக்கிறியே" என்று சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுத் தபால் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

வங்கிப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே தினமும் பெரிப் படகில் ஏறி இறங்குகிறேன். ஒரு நாள் எடுத்துவிடலாம் என்று வரிசையில் நின்று, முறை வந்ததும் விலகினேன். என் பணம் ஒரு தடவை அவனைத் தாங்கமாட்டாத நிலத்துக்குள் தள்ளியது. இன்னொரு தடவை பாலைவனத்துக்குத் தள்ளுமா? கொடுக்காவிட்டால், அவன் வட்டிக்கு வாங்கிக்கொண்டு போகமாட்டான் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஏஜென்ட் இந்த மாதக் கடைசிவரைதான் பொறுப்பானாம்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது கணவரையோ மகனையோ உடன்பிறந்தவனையோ அப்படி அரபு நாட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்களா? ஏஜென்ட் சொன்ன வேலையும் சம்பளமும் அங்கே உண்மையாகவே கிடைத்தனவா? நல்ல ஏஜென்டை எப்படித் தெரிந்துகொள்வது? மிளகாயை விட்டுப் புகையிலைக்கு மாறிப் பிழைத்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். முழுத் தொகையையும் கொடுப்பதா, புகையிலைக்கு வேண்டிய அளவு மட்டும் கொடுப்பதா, ஒன்றுமே கொடுக்காமல் இருப்பதா? தயவுசெய்து இந்தப் பத்திரிகை முகவரிக்கே இரண்டு வரி எழுதுங்கள். மாதம் முடிய இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.